இரு துளை கொண்ட ஓர் இரும்பு

ஒரு சாணும் நான்கு விரற்கடையும் நீளம், இரண்டு விரல் அகலம், சுண்டுவிரல் கனம். இரண்டு முனைகளிலும் சற்றே பருத்து நடுவில் ஒடுங்கிய முரட்டு இரும்புப் பட்டை. ஒரு முனையில் சதுரமான சிறு துளை, மற்றொரு முனையில் அதைவிட ஒடுக்கமாக நீண்டிருக்கும் வேறொரு துளை. பிடி இல்லை, கூர் இல்லை, பல் இல்லை, எழுத்தோ முத்திரையோ இல்லை. வட்டவடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்த கோவிலூரில் ஒரு வீட்டுப் பரணைத் துப்புரவு செய்தபோது, பழைய கொழு ஒன்றும், காம்பு கழன்ற களைக்கொத்துகளும், வாய் மழுங்கிய அரிவாள்களும் கிடந்த ஒரு சாக்குப் பையிலிருந்து இது வெளிப்பட்டது. மற்றவற்றையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் இன்னதென்று சொல்லி ஒதுக்கிவைத்த வீட்டார், இதைக் கையில் எடுத்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தக் குடும்பத்தின் முன்னோர் கொல்லுத் தொழில் செய்தவர்கள் என்பது நிச்சயம். வீட்டுப் பெரியவர் எண்பது வயதைக் கடந்தவர்; சிறு பிராயத்தில் துருத்தி ஊதியவர். அவருக்கும் இந்த இரும்பு உலைக்குப் பக்கத்தில் கிடந்த ஞாபகம் இருந்ததே ஒழிய, அது எந்தக் காரியத்துக்கு உதவியது என்பது நினைவுக்கு வரவில்லை.

அதன் பிரயோஜனம் இன்னதென்று நிச்சயப்படுத்திய விதத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே எழுத விரும்புகிறேன். ஏனென்றால், பழைய கருவி ஒன்று கிடைத்தால் நம்மவர்கள் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவது, அல்லது மனத்தில் தோன்றிய ஒரு பெயரைச் சூட்டிக் கண்ணாடிப் பேழையில் வைத்துவிடுவது. இரண்டாவது காரியம் முதலாவதைவிட மேலானது என்று நான் நினைக்கவில்லை. தவறான பெயரோடு பாதுகாக்கப்பட்ட பொருள், அதைப் பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் அந்தத் தவறையே போதித்துக்கொண்டிருக்கும்.

வட்டவடையைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷனை அடைந்து, அங்கிருந்து பாம்பாடும் சோலைக் காட்டுக்குள் புகுந்து மறுபுறம் வெளிப்படுகிற பாதையில் போனால், மலைச் சரிவு முழுவதும் படிப்படியாக வெட்டப்பட்ட விளைநிலங்கள் கண்ணுக்குத் தெரியும், அதுதான் வட்டவடை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம் தாலுகாவோடு கேரளத்துக்குச் சென்ற ஊர். ஆயினும் வீட்டிலும் வயலிலும் கேட்கிற பேச்சு தமிழ்தான். காந்தளூரோடு சேர்த்து இவ்வூர்ப் பூண்டுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை நண்பர்கள் படித்திருப்பீர்கள். காரட்டும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் பூண்டும் விளைகிற இந்தச் சரிவுகளில் மண்ணைக் கொத்துவதும் வரப்பைச் செதுக்குவதும் பெரும்பகுதி கைவேலை. கைவேலைக்குக் கருவி வேண்டும். கருவி தேய்ந்தால் தட்டிக் கூராக்க உலை வேண்டும். சாலையும் லாரியும் வருவதற்கு முன்னால், மழைக்காலத்தில் மலையிறங்குவதே பெரும்பாடாக இருந்த ஓர் ஊரில், ஒரு கொல்லர் இல்லாமல் விவசாயம் நடந்திருக்க முடியாது.

அந்த இரும்பு ஊராரிடம் காட்டப்பட்டபோது பல அபிப்பிராயங்கள் பிறந்தன. வண்டியின் திருகாணியைத் திருகுகிற சாவி என்றார் ஒருவர். பழைய கதவின் தாழ் என்றார் இன்னொருவர். தட்டார்கள் பொன்கம்பியை இழுத்து மெலிதாக்கும் கம்பியச்சு இப்படித்தான் இருக்கும் என்று, மதுரையில் சில காலம் வேலை பார்த்த ஒருவர் உறுதியாகச் சொன்னார். இரும்பில் துளை போடும்போது கீழே கொடுக்கிற கட்டை என்பது நான்காவது அபிப்பிராயம். இவற்றில் எதையும் எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. ஒவ்வொன்றும் ஏதோ ஓர் அம்சத்தில் பொருந்துகிறது. பொருந்துகிற அம்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த இரும்பும் எந்தக் கருவியாகவும் ஆகிவிடும். பொருந்தாத அம்சம் எது என்று தேடுவதே இதில் ஒழுங்கான வழி.

ஆகவே முதலில் துளைகளைப் பார்த்தோம். சதுரத் துளைக்கு மேல் வாயும் கீழ் வாயும் ஒரே அளவாக இல்லை. ஒரு பக்கத்தில் கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த துளை, மறு பக்கத்தில் அதைவிட நன்றாக அகன்றிருந்தது. துருவால் அரிக்கப்பட்டு அப்படி ஆகியிருக்குமோ என்று சந்தேகித்து, ஒரு தீக்குச்சியை உள்ளே விட்டுச் சுவர்களைத் தடவிப் பார்த்தால், நான்கு சுவர்களும் ஒரே சீராகச் சரிந்து இறங்குவது விரலுக்குத் தெரிந்தது. துரு அவ்வளவு ஒழுங்காக வேலை செய்யாது. யாரோ ஒருவர் சூட்டோடு துளையுளியை இறக்கி, வேண்டுமென்றே இந்தச் சரிவை உண்டாக்கியிருக்கிறார். மற்ற முனையிலிருந்த நீண்ட துளையும் இதே வகை; அதே பக்கத்தில் குறுகல், அதே பக்கத்தில் அகலம். எனவே இந்த இரும்புக்கு மேல் புறம், கீழ்ப் புறம் என்ற பேதம் உண்டு என்பது ஏற்பட்டது.

அடுத்தபடியாக முகங்களைப் பார்த்தோம். துளையின் வாய் குறுகியிருக்கும் பக்கத்தில், துளையைச் சுற்றிலும் இரும்பு ஒரு சிறு மேடாக உயர்ந்திருக்கிறது. அந்த மேட்டின் மீது சுத்தியல் விழுந்து விழுந்து உண்டான தழும்புகள் ஏராளம். துளையின் விளிம்பும் லேசாக மழுங்கியிருக்கிறது. மறு பக்கத்தில் சுத்தியல் பட்ட அடையாளமே இல்லை. அதற்குப் பதிலாக, துளையை நடுவில் வைத்து வரைந்தது போன்ற ஒரு வட்டத்தின் பகுதி, நல்ல வெயிலில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் கண்ணுக்குப் படும் அளவுக்கு, இரும்பில் அழுந்திக் கிடந்தது.

இந்த இரண்டு அங்கலட்சணங்களையும் வைத்துக்கொண்டு அந்த நான்கு அபிப்பிராயங்களையும் சோதித்துப் பாருங்கள். திருகாணிச் சாவியாக இருந்தால் துளையின் உட்புற மூலைகள் திருகும் திசையில் தேய்ந்திருக்க வேண்டும். இங்கே மூலைகள் கூர்மையாகவே இருக்கின்றன. தாழாக இருந்தால் பட்டையின் ஓரங்கள் நிலையில் உராய்ந்து வழவழப்பாகியிருக்க வேண்டும், அப்படி இல்லை, தாழுக்குச் சுத்தியல் அடி எதற்கு? கம்பியச்சு என்றால் பெரியதிலிருந்து சிறியது வரையில் வரிசையாகப் பல துளைகள் இருந்தாக வேண்டும். இரண்டே துளையோடு, அதுவும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத உருவத்தில், கம்பி இழுக்க முடியாது. மிஞ்சுவது துளை போடும்போது கீழே கொடுக்கும் கட்டை. இது கொஞ்சம் பலமான கட்சி. துளையுளி வெட்டித் தள்ளும் இரும்புத் துண்டு கீழே தடையின்றி விழுவதற்குத் துளை கீழ்நோக்கி அகன்றிருப்பது அவசியம். அந்த லட்சணம் இதற்கு இருக்கிறது. ஆனால் துளை போட வேண்டிய தகடு தட்டையாகப் படுத்திருக்க, அதன் கீழ் உள்ள முகமும் தட்டையாக இருந்தால்தான் வேலை நடக்கும். இங்கே துளையைச் சுற்றி ஒரு மேடு நிற்கிறது. மேட்டின் மீது காய்ந்த தகட்டை வைத்து அடித்தால் தகடு வளைந்து போகும். எந்தக் கொல்லரும் தனக்குத் தானே இப்படி ஓர் உபத்திரவத்தை உண்டாக்கிக்கொள்ள மாட்டார்.

அப்படியானால் மேடு எதற்கு? சுத்தியல், துளையின் வாயில் நிற்கிற ஒரு சிறு பொருளின் மீது மட்டும் விழ வேண்டும், சுற்றிலுமுள்ள பட்டையின் மீது விழக் கூடாது என்பதற்கு. அந்தச் சிறு பொருள் மேலே விரிய வேண்டும், கீழே நழுவிப் போய்விடக் கூடாது. அதனால் மேல் வாய் குறுகல். வேலை முடிந்ததும் உள்ளே சிக்கிக்கொள்ளாமல் எளிதில் வெளிவர வேண்டும். அதனால் கீழ் வாய் அகலம். மேலே விரிந்து, கீழே மெலிந்து, நடுவில் சதுரமாக இருக்கிற பொருள் ஆணியைத் தவிர வேறு எது? கையால் ஆணி செய்கிற கொல்லர், ஆணிக்குத் தலை கட்டுவதற்கு உபயோகித்த சாதனம் இது என்ற அனுமானம் இவ்வாறு பிறந்தது.

அனுமானம் பிறந்த பிறகுதான் ஒரு தடை எழுந்தது. மேல்நாட்டுக் கொல்லர்களின் அடைகல்லில் ஒரு கோடியில் துளைகள் இருக்கும். தலை கட்டும் இரும்பை அந்தத் துளையின் மீது வைத்தால் ஆணியின் வால் உள்ளே தொங்கும். நம் கிராமத்து அடைகல் அப்படிப்பட்டதன்று; மரக்கட்டையில் பதித்த, மேல் முகம் தட்டையான வெறும் இரும்புக் கட்டி. அதன் மீது இந்தப் பட்டையை வைத்தால் ஆணியின் வால் எங்கே போகும்? இந்தக் கேள்வியோடு அந்தச் சாக்குப் பையை மறுபடியும் கொட்டிப் பார்த்தபோது, வண்டிக் குடத்துப் பூண் என்று முன்பே ஒதுக்கிவைத்திருந்த ஒரு வளையம் கவனத்துக்கு வந்தது. பூணுக்கு அது கனம் அதிகம். மூன்று விரல் உயரம். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் அடிபட்டுத் தடித்திருந்தன. அதைத் தரையில் நிறுத்தி, பட்டையின் கீழ்ப் புறத்தை அதன் மீது வைத்துச் சிறிது நகர்த்தினோம். பட்டையில் அழுந்திக் கிடந்த வட்டத்தின் கோடு வளையத்தின் விளிம்போடு அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. அடைகல்லின் மீது வளையம், வளையத்தின் மீது பட்டை, வளையத்தின் வெற்றிடத்தில் ஆணியின் வால்: அடைகல்லில் துளை இல்லாத குறையை அந்தக் கொல்லர் இந்த யுக்தியால் தீர்த்திருக்கிறார். இதைக் கண்டபோது எனக்கு உண்டான சந்தோஷம் சாமானியமானதன்று.

இரும்பின் ஜாதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டையின் பக்கவாட்டில் துரு அரித்த இடங்களில், நீளவாட்டில் இழை இழையாக, விறகைப் பிளந்தால் தெரிகிற ரேகையைப் போன்ற கோடுகள் தெரிகின்றன. கரியைக் கொண்டு உருக்கி, சம்மட்டியால் அடித்தடித்துக் கசடு நீக்கப்பட்ட பழைய இரும்பில், நீங்காமல் எஞ்சிய கசடு இழையாக நீண்டு கிடக்கும். துரு ஏறும்போது அந்த இழைகள் வெளிப்படும். இன்றைய ஆலை இரும்பு இப்படி அரிபடுவதில்லை. மேல் முகத்தில் மட்டும் நிலைமை வேறு. அங்கே அரத்தை வைத்தால் கடிக்காமல் வழுக்குகிறது. பக்கவாட்டில் வைத்தால் சுகமாகக் கடிக்கிறது. கூர்ந்து நோக்கினால் மேல் முகத்துக்கும் உடலுக்கும் இடையே மயிரிழை போன்ற ஒரு கோடு ஓடுவதும் தெரியும். உடல் மெத்தென்ற இரும்பு. அடி தாங்க வேண்டிய முகத்தில் மட்டும் உருக்குத் தகடு ஒன்றைக் காய்ச்சி ஒட்டியிருக்கிறார்கள். உருக்கு அருமையாகக் கிடைத்த காலத்தில், வேண்டிய இடத்துக்கு மட்டும் வேண்டிய அளவு செலவிட்ட சிக்கனம் அது.

தென்னாட்டில் இரும்பு உருக்குவது பழைய தொழில். 1800-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடம், மலையாளம் என்று சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன், வழியில் கண்ட உலைகளையும் துருத்திகளையும் தம் நூலில் சிரத்தையோடு வருணித்திருக்கிறார். 1830-ஆம் ஆண்டளவில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை ஒன்றை நிறுவிப் பார்த்தார். அது நீடித்து நிலைக்கவில்லை. கப்பலில் வந்து இறங்கிய சீமை இரும்பின் மலிவுக்கு முன்னால் கிராமத்து உருக்காலைகள் ஒவ்வொன்றாக அவிந்தன. உருக்குகிறவர்கள் மறைந்த பின்பும் கொல்லர்கள் இருந்தார்கள். இரும்பு எங்கிருந்து வந்தாலும் அதைக் கொழுவாகவும் அரிவாளாகவும் ஆணியாகவும் ஆக்குவது அவர்கள் கைத்தொழிலாகவே நீடித்தது.

ஆணிதானே என்று இன்றைக்கு நமக்குத் தோன்றுகிறது. கடையில் கிலோ கணக்கில் அள்ளிக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிற பொருள். இயந்திரத்தால் ஆணி செய்கிற முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேல்நாட்டில் பரவும் வரையில், உலகத்திலிருந்த ஆணிகளில் மிகப் பெரும்பாலானவை ஒவ்வொன்றாகச் சூடேற்றி, ஒவ்வொன்றாக அடிக்கப்பட்டவை. ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட தம் பொருளாதார நூலில், தொழிற்பிரிவினையின் பயனை விளக்குவதற்கு ஆணியையும் ஓர் உதாரணமாக எடுத்துக்கொண்டார். ஆணி செய்து பழகாத சாதாரணக் கொல்லர் ஒரு நாளில் 200 அல்லது 300 ஆணிகளுக்கு மேல் செய்ய முடியாது, அவையும் மிக மோசமாகவே இருக்கும். பழகினவர், ஆனால் அதையே முழுத் தொழிலாகக் கொள்ளாதவர், 800 முதல் 1,000 வரை செய்வார். ஆணியைத் தவிர வேறெதுவும் செய்தறியாத இளைஞர்கள் ஒரே நாளில் 2,300-க்கு மேல் செய்வதைத் தாமே பார்த்ததாக எழுதுகிறார். கோவிலூர்க் கொல்லர் இவர்களில் முதல் இரண்டு வகைக்கு நடுவே எங்கோ இருந்திருப்பார். அவருக்கு ஆணி ஒரு சில்லறை வேலை. கொழுவும் அரிவாளும்தான் பிரதானம்.

ஆணியின் மதிப்பைக் காட்ட இன்னொரு வரலாறும் உண்டு. ஸ்காட்லாந்தில் இஞ்ச்டுத்தில் என்னும் இடத்தில் ரோமானியப் படை ஒரு பெரிய பாசறையைக் கட்டி, அது முழுமை பெறுவதற்குள்ளேயே, கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் கைவிட்டுப் போனது. போகும்போது 8,75,000-க்கு மேற்பட்ட ஆணிகளைக் குழி தோண்டிப் புதைத்து மூடிவிட்டுப் போனார்கள். 1960-இல் அகழ்ந்தபோது அவை வெளிவந்தன. குவியலின் நடுவே இருந்தவை புதிதாகச் செய்தவைபோலத் துருப் பிடிக்காமல் இருந்தன. எதிரிகளின் கையில் சிக்கினால் அவ்வளவு இரும்பும் ஆயுதமாகிவிடும் என்ற அச்சத்தால் புதைத்தார்கள் என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து. தங்கத்தைப் புதைத்து வைத்தவர்களைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அந்தப் படைக்கு அந்தச் சமயத்தில் ஆணி அவ்வளவு பெறுமானமுள்ளதாக இருந்தது.

நம் பழைய தச்சர்கள் இரும்பாணியை மிகச் சிக்கனமாகவே பயன்படுத்தினார்கள். பொளியும் நாக்கும் வைத்து மரத்தோடு மரத்தைப் பூட்டி, மரமுளை அடித்து இறுக்குவதே அவர்கள் வழக்கம். இரும்பாணி, கதவுப் பலகையைக் குறுக்குச் சட்டத்தோடு பிணைப்பது போன்ற, தவிர்க்க முடியாத இடங்களுக்கு மட்டும். இந்த எண்ணம் வந்ததும் எங்கள் கண் அந்த வீட்டு மாட்டுக் கொட்டகையின் பக்கம் போயிற்று. வீட்டின் பழைய கதவை எப்பொழுதோ மாற்றியபோது, கழற்றிய பலகைகளைக் கொட்டகையில் தடுப்பாகப் பொருத்தியிருந்தார்கள். அவற்றில் ஒன்றில் மூன்று ஆணிகள் இன்னும் இருந்தன. பெரியவரின் அனுமதியோடு, உளுத்துப்போன ஓர் ஓரத்திலிருந்த ஆணியை மரத்தைச் சுரண்டிச் சேதமின்றி எடுத்தோம். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துருவைத் துடைத்த பிறகு அதன் லட்சணம் தெரிந்தது: உடல் சதுரம், தலையிலிருந்து நுனி வரையில் நான்கு பக்கமும் மெலிந்துகொண்டே போகிறது, தலையின் மீது, நடுவே ஒரு மேட்டில் சந்திக்கும் நான்கு சரிவுகள், ஒவ்வொன்றும் ஒரு சாய்வான சுத்தியலடியால் உண்டானது. அதை எடுத்து இரும்பின் சதுரத் துளையில் இறக்கினோம். வால் தடையின்றிக் கீழே போயிற்று. கழுத்து வாயில் அமர்ந்தது. தலையின் அடிப்பாகம் மேட்டோடு ஒட்டி நின்றது. பக்கத்தில் அசைத்துப் பார்த்தேன், ஆடவில்லை. அதுவரையில் அனுமானமாக இருந்தது அந்தக் கணத்தில் பிரத்தியட்சமாயிற்று.

பெரியவர் அந்த ஆணியைத் துளையிலேயே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க பாட்டன் அடிச்சதுதான் தம்பி. அந்தக் கதவு எங்க அப்பா பொறக்கிறதுக்கு முந்தியே போட்டதுன்னு சொல்லுவாங்க" என்றார்.

வேலை நடக்கும் விதத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையால், அந்த இரும்பையும் வளையத்தையும் எடுத்துக்கொண்டு மலையிறங்கிப் போடிநாயக்கனூருக்குப் போனேன். அங்கே ஒரு பட்டறையில், லாரியின் வில்லுப்பட்டையை வெட்டி அரிவாள் அடித்துக்கொண்டிருந்த வயோதிகக் கொல்லர் ஒருவர், நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததைக் கையில் வாங்குவதற்கு முன்பே சிரித்தார். "இது ஆணி அடிக்கிற இரும்புல்ல? எங்க அப்பாகிட்ட இதே மாதிரி ரெண்டு கெடந்துச்சுங்க. எடைக்குப் போட்டுட்டோம்" என்றார். பல மணி நேரம் ஆராய்ந்து கண்டதை அவர் ஒரு நொடியில் சொல்லிவிட்டார். இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது எனக்குப் பெரிய திருப்தியைத் தந்தது.

கேட்டதற்கு இணங்கி ஓர் ஆணி செய்தும் காட்டினார். மெல்லிய கம்பி ஒன்றின் நுனியை உலையில் வைத்து, மஞ்சள் நிறம் ஏறியதும் எடுத்து, அடைகல்லின் மீது கால் திருப்பு, முக்கால் திருப்பு என்று உருட்டி உருட்டி அடித்தார். ஏழெட்டு அடியில் வட்டக் கம்பி சதுர நுனியாக மெலிந்தது. நுனியிலிருந்து இரண்டு அங்குலத்தில் வெட்டிரும்பின் மீது வைத்து ஒரு தட்டு. முழுவதும் அறுபடாமல், ஓர் இழையில் தொங்கும்படி. மறுபடியும் உலை. இந்தத் தடவை கம்பி வெளியே வந்ததும் கை வேகமாயிற்று. நுனியைத் துளையில் செருகி ஒரு முறுக்கு முறுக்கினார். கம்பி ஒடிந்து கையோடு வந்துவிட, ஆணிக்கு வேண்டிய துண்டு மட்டும் துளையின் வாய்க்கு மேலே நெல்மணி அளவு நீட்டிக்கொண்டு நின்றது. நேராக ஓர் அடி, அது பரந்தது. பிறகு நாலா பக்கமும் சாய்வாக நான்கு அடி. அவ்வளவுதான். சிவப்பு மறைவதற்குள் தலை ஆகிவிட்டது. பட்டையைக் கவிழ்த்து அடைகல்லின் ஓரத்தில் தட்டியதும் ஆணி கீழே விழுந்தது. ஆறும்போது இரும்பு சுருங்குவதும், துளை கீழ்நோக்கி அகன்றிருப்பதும் சேர்ந்து அதை விடுவித்துவிடுகின்றன. துளையின் சரிவு ஒரு மயிரளவு மாறியிருந்தால் ஒவ்வோர் ஆணிக்கும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்றார் அவர்.

அந்த ஆணியைக் கடையில் விற்கிற ஆணியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். கடையில் வாங்குகிற கம்பியாணியின் உடல் உருண்டை, முழுநீளமும் ஒரே கனம். கொல்லர் அடித்த ஆணியோ ஆப்பு. உள்ளே போகப் போக மரத்தின் நாரை அழுத்தி இறுகுகிறது, நான்கு மூலைகளாலும் பற்றிக்கொள்கிறது. கோவிலூர்க் கொட்டகையில் பலகை உளுத்த பின்பும் ஆணி நகராமல் நின்றதற்குக் காரணம் இதுதான்.

இனி, மற்ற முனையிலுள்ள நீண்ட துளை. இதற்குப் பொருந்தும் ஆணி எதுவும் வீட்டில் அகப்படவில்லை. ஆகவே மெழுகுவர்த்தியை உருக்கி, எண்ணெய் தடவிய துளைக்குள் ஊற்றி, ஆறியதும் கீழ்ப்புறமாகத் தள்ளி எடுத்தோம். வெளிவந்த மெழுகின் உருவம் ஒடுக்கமாக, தட்டையாக, கனம் சதுர ஆணியில் பாதிக்கும் குறைவாக இருந்தது. மரத்தில் அடிப்பதற்கு இத்தனை மெல்லிய தட்டையாணி உதவாது. பாதி இறங்குவதற்குள் வளையும். தட்டையான மெல்லிய ஆணி தேவைப்படுகிற தொழில் லாடம் கட்டுவது.

மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்தது. அதனால் ஒரு காலுக்கு இரண்டு தகடு. நான்கு காலுக்கும் எட்டு. தகட்டுக்கு நான்கு ஆணி என்று வைத்துக்கொண்டாலும் ஒரு மாட்டுக்கு 32 ஆணிகள். குளம்பின் வெளிச்சுவர் மாட்டுக்குக் குதிரையைவிட மெல்லியது. அதற்கு உள்ளே இருப்பது உயிருள்ள சதை. ஆணி அந்த மெல்லிய சுவருக்குள்ளேயே சாய்வாக ஓடி வெளிப்பக்கம் தலைகாட்ட வேண்டும். காட்டியதும் நுனியை முறித்து மடக்கிவிட வேண்டும். கனமான ஆணி சுவரைப் பிளக்கும். உருக்காணி மடங்காமல் ஒடியும். எனவே மெத்தென்ற இரும்பில், தட்டையாக, மெலிதாகச் செய்தாக வேண்டும். மெழுகு காட்டிய உருவம் இந்த மூன்றில் கண்ணுக்குத் தெரியக்கூடிய இரண்டையும் பூர்த்தி செய்கிறது.

இந்த மலையில் லாடத்துக்கு வேலை இருந்ததா என்பது அடுத்த கேள்வி. மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே 1902-இல் முதன்முதலாகப் போடப்பட்டது ஒற்றைத் தண்டவாளப் பாதை. அதில் பாரத்தை இழுத்தவை காளைகள். 1908-இல் அது இரட்டைத் தண்டவாளமுள்ள குறுகிய பாதையாக மாறி நீராவி எஞ்சின் வந்தது. 1924 ஜூலையில், கொல்லம் ஆண்டைக் கொண்டு மலையாள நாட்டார் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று இன்றும் சொல்லுகிற பெருவெள்ளத்தில், அது அழிந்துபோயிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்குப் போயின. கல்லும் சரளையும் நிறைந்த மலைப்பாதையில் இத்தனை மாடுகள் நடந்த பிரதேசத்தில் லாடக்காரருக்குக் குறைவிருந்திருக்காது.

இதையெல்லாம் சொல்லி, மெழுகையும் கையில் கொடுத்தபோதுதான் பெரியவருக்கு அந்தப் பழைய நினைவு திரும்பியது. "ஆமா, மாட்டைச் சாய்ச்சு நாலு காலையும் ஒண்ணாக் கட்டிப் போடுவாரு. நான் தலைமாட்டுல உக்காந்து கொம்பைப் பிடிச்சுக்குவேன். போடியிலிருந்து உப்பும் அரிசியும் ஏத்திக்கிட்டு வர்ற பொதிமாடுதான் பூராவும். ஆணியை வாயில வச்சுக்கிட்டே அடிப்பாரு பாட்டன்" என்றார். முதல் நாள் எத்தனையோ தடவை கேட்டும் வராத ஞாபகம், ஆணியின் உருவத்தைத் தொட்டதும் வந்தது. வயதானவர்களிடம் "இது என்ன?" என்று கேட்பதைவிட, அதைக்கொண்டு செய்த பொருளை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது நல்லது என்று இப்பொழுது நினைக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலோ கொட்டகையிலோ இப்படி ஏதேனும் இரும்பு இருந்தால், தயவுசெய்து உடனே உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். சுத்தியல் தழும்பும், வளையத்தின் கோடும், இழை இழையான துருவும்தான் இங்கே சாட்சி சொன்னவை. பத்து நிமிஷத் தேய்ப்பில் அந்த மூன்றும் போய்விடும். உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்து, தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு விட்டுத் தடவினால் போதும். அதனோடு ஒரே பையில், ஒரே மூலையில் கிடந்தவை எவை என்று முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூண் என்று ஒதுக்கிய அந்த வளையம் பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தால் எங்கள் கேள்விக்கு விடை கிடைத்திருக்காது. படம் எடுத்தால் மேல் முகம், கீழ் முகம், பக்கவாட்டு மூன்றையும், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, காலை வெயில் சாய்வாக விழும்போது எடுங்கள். துளை இருந்தால் மேல் வாயின் அளவையும் கீழ் வாயின் அளவையும் தனித்தனியாகக் குறித்து அனுப்புங்கள். கோவிலூர் இரும்பின் அளவுகள் என்னிடம் இருக்கின்றன, இரண்டையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.